202தான் ஸ்ட்ராங், ஆனாலும் தேவனாம்பட்டினத்துக்கு அது வேண்டாம்

கேள்வி இதுதான். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து 400 மீட்டர் தள்ளி ஒருவர் வீடு கட்டுகிறார். கான்கிரீட்டுக்கு எந்தக் கம்பி, மாடிக் கைப்பிடிக்கு எந்த எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), மொட்டைமாடிக்கு எந்த ஷீட், டேங்க் ஸ்டாண்டுக்கு என்ன இரும்பு என்று கேட்கிறார். "304-ஐ விட 202 ஸ்ட்ராங், விலையும் குறைவு" என்கிறார் கடைக்காரர்; 202, 304, 316 எல்லாம் எஸ்.எஸ். கிரேடு எண்கள். எஃப்.இ. 500-ஐ விட எஃப்.இ. 550 கம்பிதான் வலு என்கிறார் மேஸ்திரி. எது அதிக ஸ்ட்ரெங்த் என்று வரிசையாகச் சொன்னால் அதையே வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஷீட்டுக்கான தர நிர்ணயத்தில் 202-க்குக் குறைந்தபட்ச ஈல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, 260 மெகா பாஸ்கல், 304-க்கு 205தான். அறுந்துபோகும் வலிமையிலும் 202-க்கு 620, 304-க்கு 515. மேஸ்திரி சொன்னதும் சரி. கம்பியின் ஈல்டைச் சொல்லும் 550 என்ற எண் 500-ஐ விடப் பெரியதுதானே. ஆனால் உங்கள் வீட்டுக் கைப்பிடி இழுத்து அறுந்து போகப் போவதில்லை. அது அடியில் துருப்பிடித்துப் போகும், இல்லையென்றால் பைப் மெல்லியதாக இருந்து வளையும். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் "இது இங்கே எப்படிக் கெடும்?" என்று கேளுங்கள். அதைத் தடுக்கும் குணம் எது என்று அதற்குப் பிறகு பாருங்கள். ஸ்ட்ரெங்த் வரிசையை வைத்து வாங்கினால் கடலோரத்தில் காசுதான் வீண்.

கம்பியோடும் பைப்போடும் வரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள எண்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பியை மெஷினில் மாட்டி இழுத்தால், முதலில் விசைக்கு ஏற்ற அளவில் நீளும். விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இந்தக் கட்டத்தில் தகைவுக்கும் (ஒரு பரப்பில் விழும் விசை) திரிபுக்கும் (நீண்ட அளவை முழு நீளத்தால் வகுத்தது) உள்ள விகிதம்தான் யங் குணகம், அதாவது விறைப்பு. ஓர் அளவைத் தாண்டியதும் விட்டாலும் திரும்பாது. அந்த இடம் ஈல்டு. இன்னும் இழுத்தால் ஓர் உச்சம் வரும், அது இழுவலிமை. அறுந்த பிறகு இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று அளந்தால் அது நீட்சி. இந்த நான்கும் வெவ்வேறு குணங்கள், ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றில்லை. ஈல்டு கூடினால் பெரும்பாலும் நீட்சி குறையும். விறைப்போ கிரேடு மாறினாலும் மாறவே மாறாது. சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆகட்டும், எஃப்.இ. 550 ஆகட்டும், இரண்டுக்கும் 200 ஜிகா பாஸ்கல்தான். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 193 அளவில், அலுமினியத்துக்கு 70, எம்30 கான்கிரீட்டுக்கு 27, கையால் பூசிய பைபர் கிளாஸுக்கு 7 அளவில், ஜன்னல் செய்யும் பிளாஸ்டிக்கான யூ.பி.வி.சி.க்கு 3-க்கும் கீழே.

கைப்பிடியில் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2 அங்குலப் பைப் ஒன்று தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் நிற்கிறது. அதன் உச்சியில் ஒருவர் சாய்கிறார். 50 கிலோ தள்ளுவதாக வைத்துக்கொள்வோம், அதாவது 500 நியூட்டன். பைப் கனம் 2 மி.மீ. என்றால் உச்சி 9 மி.மீ. சாயும், அடியில் தகைவு 139 மெகா பாஸ்கல் வரும். கனம் 1.2 மி.மீ. என்றால் 15 மி.மீ. சாயும், தகைவு 221. இது 304-இன் ஈல்டைத் தாண்டிவிட்டது. கம்பம் சாய்ந்தபடியே நின்றுவிடலாம். 202, 304, 316, எம்.எஸ். என்று எதைப் போட்டாலும் சாயும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதே 2 மி.மீ. பைப் அலுமினியமாக இருந்தால் மட்டும் 26 மி.மீ. சாயும். ஆட்டம் காணாத கைப்பிடி வேண்டுமென்றால் கேட்க வேண்டியது கனத்தை. கடையில் கேஜ் எண் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். பைப் முனையில் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். 1.2 என்று பில் போட்டு 1 மி.மீ. கொடுப்பது சர்வசாதாரணம்.

கனம் முடிந்தது, இனி துரு. எஸ்.எஸ். துருப்பிடிக்காததற்குக் காரணம் அதிலிருக்கும் குரோமியம். காற்றுப் பட்டதும் மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஒரு ஆக்சைடு தோல் கட்டிக்கொள்ளும். கீறினாலும் மறுபடி வளரும். இந்தத் தோலை ஓட்டை போடுவது குளோரைடு, அதாவது கடல் உப்பு. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இதைத் தாங்குவதற்கு மாலிப்டினம் வேண்டும். 304-இல் 18 சதவீத குரோமியம், 8 சதவீத நிக்கல், மாலிப்டினம் கிடையாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. 202-இல் நிக்கலைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசும் நைட்ரஜனும் போட்டிருக்கிறார்கள். ஈல்டு கூடியதற்குக் காரணம் அந்த நைட்ரஜன்தான். ஆனால் உப்புக்கு முன்னால் 304 அளவுக்குக்கூட 202 நிற்காது.

ஆக, தேவனாம்பட்டினமோ புதுச்சேரி வைத்திக்குப்பமோ, கடல்காற்று நேராக முகத்தில் அடிக்கும் வெளிப்புறக் கைப்பிடிக்கு 316. திருப்பாதிரிப்புலியூர் பக்கம், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே என்றால் 304 போதும், அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவினால். சமையலறைத் தொட்டி, வீட்டுக்குள் மாடிப்படிக் கைப்பிடி இதற்கெல்லாம் 304-ஏ தாராளம்.

காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 202-இலும் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது, 316-இலும் ஒட்டாது. வளைத்த இடத்தில் மட்டும் 304-இலும் லேசாக இழுக்கும். மாங்கனீசு, மாலிப்டினம் இரண்டுக்கும் சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது. பழைய உலோகம் வாங்கும் பெரிய கடைகளில் எக்ஸ்ரே கன் வைத்திருப்பார்கள், சில விநாடியில் அத்தனை உலோகத்தின் சதவீதமும் வந்துவிடும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் பில்லில் கிரேடு எண்ணை எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையைப் பற்றி அந்தத் தயக்கமே சொல்லிவிடும்.

316-ஐ வாங்கி வந்து வெல்டிங்கில் கெடுப்பவர்கள்தான் அதிகம். துரு முதலில் தெரியும் இடம் கம்பத்தின் அடி, பளபள என்று ஒரு கப் போட்டு மூடியிருப்பார்களே, அதற்குள். அங்கே மூன்று தப்பு ஒன்றாகச் சேர்கிறது. வெல்டிங் சூட்டில் வந்த நீல, பழுப்பு நிறத்தை எடுக்காமல் விட்டிருப்பார்கள்; அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோய் இருக்கும். எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டிங் வீலால் இதையும் தேய்த்திருப்பார்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருவாகும். கப்புக்குள் உப்புத் தண்ணீர் போகும், காற்று போகாது. ஆக்சிஜன் இல்லாமல் தோல் மறுபடி வளராது. எனவே 316-க்கு 316எல் பில்லர் ராடு (வெல்டிங் கம்பி), தனி வீல். வெல்டிங் முடிந்ததும் பிக்லிங் பேஸ்ட் தடவி நிறத்தை எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பேஸ்டில் ஹைட்ரோ ஃப்ளூரிக் ஆசிட் இருக்கிறது, தோலில் பட்டால் உள்ளே எலும்பு வரை போகும்; கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. கப்பைச் சுற்றி சிலிகான் அடைத்துவிடுங்கள், அல்லது கப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு வீட்டில் பாத்ரூம் கழுவும் ஆசிட்டால் கைப்பிடியைத் துடைத்தால் அத்தனை வேலையும் போச்சு. அது ஹைட்ரோ குளோரிக் ஆசிட், அதாவது குளோரைடேதான்.

இனி கான்கிரீட். பணமும் ஆபத்தும் அதிகம் இருப்பது இங்கேதான். கேட்டவர் இதைப் பற்றிக் குறைவாகக் கேட்டிருக்கிறார் என்பதுதான் கவலை.

கான்கிரீட் அமுக்கத்துக்கு வலுவானது, இழுப்புக்கு மோசமானது. எம்30 என்றால் 150 மி.மீ. கட்டி 28 நாளில் 30 மெகா பாஸ்கல் அமுக்கத்தைத் தாங்கும். வளைவில் வரும் இழுப்புக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தரும் சூத்திரப்படி 3.8தான். அந்த இழுப்பை எடுக்கத்தான் உள்ளே கம்பி. சிமென்டின் காரத்தன்மை கம்பி மேல் ஒரு காப்புத் தோலை வைத்திருக்கும். உப்பு உள்ளே ஊறி வந்து அந்தத் தோலைக் கிழித்ததும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். 3.8 மட்டுமே தாங்கும் கான்கிரீட் அந்த அழுத்தத்துக்கு முன் எம்மாத்திரம்? கம்பி நீளத்துக்கே கீறல் விழும், பிறகு பத்தை பத்தையாக உதிரும். 15 வருடத்துக் கடலோர வீடுகளில் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

உப்பு உள்ளே ஊறும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். அப்படியென்றால், அதே கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் உள்ள கான்கிரீட் கனத்தை, அதாவது கவரை, 20 மி.மீ.யிலிருந்து 45 ஆக்கினால் உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலம் ஐந்து மடங்கு ஆகும். கம்பியை 500-லிருந்து 550-க்கு மாற்றி இந்த ஆயுளில் ஒரு நாள்கூட வாங்க முடியாது. ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடும் வகையில் வைத்து எம்30, கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், தண்ணீர் - சிமென்ட் விகிதம் 0.45, கவர் 45 மி.மீ. என்கிறது. அலைத் துளி நேராகத் தெறிக்கும் இடத்துக்கு எம்35, கவர் 50.

இதைப் படித்துவிட்டு, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 125 மி.மீ. ஸ்லாபில் 20 கவர் என்று டிசைன் போட்டிருந்தால், 10 மி.மீ. கம்பியின் நடு வரை 100 மி.மீ. ஆழம் கிடைத்திருக்கும். அதே ஸ்லாபில் 45 வைத்தால் 75தான் மிஞ்சும். ஸ்லாபின் தாங்கும் திறன் அந்த அளவுக்கு விழுந்துவிடும். ஸ்லாபையே 150 ஆக்கினால்தான் பழைய 100 திரும்பக் கிடைக்கும். டிராயிங் போட்ட இன்ஜினியரிடம் சொல்லி மாற்ற வேண்டிய வேலை இது, சென்ட்ரிங் அன்று காலையில் மேஸ்திரியிடம் சொல்வதல்ல. பால்கனி, சன்ஷேடு மாதிரி வெளியே நீட்டியிருக்கும் பகுதிகளில் முக்கியக் கம்பி மேலே இருக்கும். ஆட்கள் மிதித்து மிதித்து அது கீழே இறங்கிவிடும். நாற்காலி மாதிரி வளைத்த சேர் கம்பி போட்டுத் தாங்கச் சொல்லுங்கள், பலகை போட்டு அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள்.

0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர். மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கலவை இறுகுது என்று ஒரு வாளி ஊற்றினால் அந்த மூட்டை 0.6-ஐத் தாண்டிவிடும், கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் உப்புக்கு வாசல். இளக்கம் வேண்டுமென்றால் அட்மிக்ஸர் (கலவையை இளக்கும் ரசாயனம்) ஊற்றுங்கள். 1:1.5:3 என்று பாண்டுக் கணக்கில் போடுவது எம்20 வரைக்கும்தான். எம்30-க்கு எடைக் கணக்கில் வடிவமைத்த டிசைன் மிக்ஸ் வேண்டும், ரெடிமிக்ஸ் வாங்கிவிடுவது நல்லது. சிமென்டில் பி.பி.சி. (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் சிமென்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) உப்பை மெதுவாகத்தான் விடும். ஆனால் அதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீரையும் லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் வரம்பு. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். கரிக்கும் தண்ணீரைக் கலவையில் ஊற்றினால் எதிரியை நாமே உள்ளே அழைத்து உட்கார வைத்த மாதிரி.

கம்பிக்கு எஃப்.இ. 500 டி போதும். 550-இன் நீட்சி குறைந்தபட்சம் 10 சதவீதம், 500 டி-க்கு 16. ஸ்லாப் தொய்வதை விறைப்புத்தான் தீர்மானிக்கிறது, அது இரண்டுக்கும் ஒன்று. அசாதாரணச் சுமை வரும்போது அறுந்து போகாமல் நீண்டு எச்சரிக்கை தருவதுதான் கம்பியிடம் நாம் கேட்பது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்ததை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். லோடு வந்ததும் எடை போடுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை, 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 10.67 கிலோ. 12 மி.மீ. கம்பியில் இது 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அதற்கும் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள்.

மேல்மாடி பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்று தூண் கம்பியை மொட்டைமாடியில் நீட்டி விட்டுவைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. கடலோரத்தில் அது சில வருடத்தில் கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் கழுத்தில் இளைத்துவிடும். 12 மி.மீ. கம்பி 10 ஆனால் பரப்பில் 31 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். கட்டும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், பலமில்லாத கலவையால் அந்தக் கம்பியை முழுக்க மூடி வையுங்கள், பிறகு உடைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அறுத்துவிட்டுப் பூசிவிடுங்கள்.

கூரை ஷீட்டுக்கு எடை கம்மி, அதுதான் அதன் பலவீனமும். 0.47 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 4 கிலோ சொச்சம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 900 நியூட்டனுக்கு மேல், அதாவது 90 கிலோ. கூரை ஓரங்களில் உறிஞ்சல் இன்னும் கூடும். எனவே ஷீட்டின் இழுவலிமையை விட ஸ்க்ரூவின் எண்ணிக்கையும், ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட் கிழியாமல் இருப்பதும், பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சுவரோடு கட்டப்பட்டிருப்பதும்தான் முக்கியம். ஓரத்து இரண்டு பர்லினில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ வேண்டும்.

துருவுக்கு ஷீட்டின் கோட்டிங் எடையைக் கேளுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) 275 கிராம் என்பது சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 19 மைக்ரான்தான். கடுமையான கடலோரச் சூழலில் துத்தநாகம் வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் கரையும். நீங்களே வகுத்துப் பாருங்கள். 120 கிராம் ஷீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாதிக்கு மேல் அலுமினியம் கலந்த கால்வால்யூம், 150 கிராம் கோட்டிங், அதற்கு மேல் கலர் பூச்சு உள்ளதை வாங்குங்கள். கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். நெருப்புப் பொறி பெயிண்டைப் பொசுக்கி ஒட்டிக்கொள்ளும், மறுவாரமே பழுப்புப் புள்ளி வரும். ஷீட்டின் மேல்பக்கத்தை மழை கழுவிவிடும். ஓரத்தின் அடிப்பக்கத்தைக் கழுவ யாருமில்லை, முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். மாதம் ஒருமுறை ஹோஸ் பிடித்து அடியிலும் அடியுங்கள். அலுமினிய ஷீட் துருவுக்கு நல்லது, ஆனால் சூட்டில் இரும்பைப் போல் இரண்டு மடங்கு நீளும். 6 மீட்டர் ஷீட் 35 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. நகரும். ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாகப் போடாவிட்டால் அதுவே போட்டுக்கொள்ளும், மழையில் ஒழுகும்.

டேங்க் ஸ்டாண்டுக்கு எம்.எஸ். ஆங்கிளே போதும். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், அதைத் தாங்குவதில் சிக்கலில்லை. செய்து முடித்த பிறகு முழுசாக ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) கொடுங்கள், 5 மி.மீ.க்கு மேல் கனமுள்ள இரும்பில் சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது 85 மைக்ரான் ஏறும், ஜி.ஐ. ஷீட்டின் நாலு மடங்கு. பைப்பில் செய்தால் இரண்டு முனையிலும் காற்றுப்போக்கு ஓட்டை இருந்தே ஆக வேண்டும். 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் மூடிய பைப் இறங்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். கால்வனைஸ் செய்த பிறகு வெல்டு வைக்கக் கூடாது, போல்ட்தான்.

போல்ட் என்றதும் ஒன்று. எஸ்.எஸ். கைப்பிடியில் ஜி.ஐ. போல்ட் போடாதீர்கள். பெரிய எஸ்.எஸ். பரப்புக்கு நடுவே சின்ன ஜி.ஐ. போல்ட் மாட்டினால் அரிப்பு முழுவதும் அந்தப் போல்ட்டின் தலையில்தான் விழும். அலுமினிய ஜன்னலில் எஸ்.எஸ். ஸ்க்ரூ போடலாம், நைலான் வாஷரோடு. அலுமினியத்தில் ஈரச் சிமென்ட் பட்டால் வெள்ளைத் திட்டு விழும், கடைசி வரை போகாது. பூச்சு வேலை முடியும் வரை டேப்பை உரிக்காதீர்கள். யூ.பி.வி.சி. ஜன்னல் துருப்பிடிக்காது, ஆனால் விறைப்பு மிகக் குறைவு என்பதால் உள்ளே இரும்புச் சட்டம் வைப்பார்கள். அது கால்வனைஸ் செய்ததா என்று அறுத்த முனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

202 பைப் ஏற்கெனவே வாங்கி இறக்கியாகிவிட்டது என்றால் வெளியே மாட்ட வேண்டாம். வீட்டுக்குள் மாடிப்படிக்கு அதைப் போட்டுவிட்டு, பால்கனிக்கு மட்டும் 2 மி.மீ. கனத்தில் 316 வாங்குங்கள்.